மடியில் நாலு ஹெல்மெட்

தலையை அளந்து பிழைக்கிறவளைக் கேளுங்கள், சொல்லுவாள்: மனுஷனுக்குத் தலையைவிடத் தலைமுடி மேல்தான் பாசம் அதிகம்.

என் பெயர் இசக்கியம்மாள். தாராவியில் தோல் பை தைத்துக்கொண்டிருந்தேன். செம்பூரில் ரூஸ்தம் சேட் என்று ஒருவர், பழைய காலத்து ரேஸ் கார்களை வாங்கிச் சீர் பண்ணி வைத்திருக்கிறார். ஹெல்மெட்டுக்குள் இருக்கிற மெத்தை நைந்துவிட்டது, மாற்றித் தைத்துக் கொடு என்று ஒரு நாள் என்னிடம் வந்தார். தைத்துக் கொடுத்தேன். அளவு பார்த்து மாட்டியும் விடு என்றார். மாட்டிவிட்டேன். அன்றையிலிருந்து நான் அங்கே ஹெல்மெட் இன்சார்ஜ். ஞாயிறுதோறும் சேட்டும், அவர் மாதிரியே பழைய கார் வைத்திருக்கிற சிலரும், நானுமாகக் கார்களை லாரியில் ஏற்றி, நவி மும்பைப் பக்கம் மூடிப்போன ஒரு ஃபாக்டரியின் உள்ரோட்டுக்குக் கொண்டுபோவோம். அந்தக் கார்களுக்குக் கூரை கிடையாது, பெல்ட் கிடையாது, சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணுகிற வசதியும் கிடையாது. நாலு பேர் பின்னால் நின்று தள்ளினால்தான் உயிர் வரும். வேடிக்கை பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அவர்கள் முன்னால் நாம் வெறுந்தலையோடு ஓட்டினால் நல்லாவா இருக்கும்? அதனால் ஒரு சட்டம் போட்டேன். ஓடுகிற வண்டியில் ஹெல்மெட் இல்லாமல் யார் அகப்பட்டாலும் நோட்டில் பெயர் ஏறும். அப்புறம் அவர் வீட்டு வாசப்படி மிதிக்கிற வரைக்கும் ஹெல்மெட்டைக் கழற்றக்கூடாது. சாப்பிடும்போதும்தான்!

வீட்டில் ஹெல்மெட் போடாத ஓர் ஆளை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிற அக்கா தங்கச்சிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஊர்த் தலைக்கெல்லாம் மாட்டிவிடுகிற எனக்கு, என் வீட்டுக்காரர் சுடலைமுத்துவின் தலையில் மட்டும் மாட்ட முடியவில்லை. அவர் ஸ்கூட்டர் சத்தம் சந்தில் கேட்கிற வரைக்கும் நான் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

தேங்காய்ப் பரீட்சை

சேட்டின் தாத்தா தோல் குல்லாய் போட்டுக் கார் ஓட்டுகிற மாதிரி ஒரு பழைய போட்டோ உண்டு. அதே மாதிரி ஒன்று தைத்துக் கேட்டார். நானும் புத்தி கெட்டுப்போய், அழகாகத் தைத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு சேட் அதை மாட்டிக்கொண்டு, கண்ணாடியும் போட்டுக்கொண்டு, காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஹெல்மெட் எங்கே என்றால், இதுதான் ஒரிஜினல் என்கிறார். முதலாளியிடம் எப்படிச் சண்டை போடுவது?

எங்கள் கூட்டத்தில் மாட்டுங்கா கிருஷ்ணய்யர் என்று ஒருவர், பேங்க் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். சிவப்பு ரேஸ் கார் ஒன்று வைத்திருக்கிறார். வண்டி கிளம்புமுன் உடைக்கவென்று வாராவாரம் இரண்டு தேங்காய் கொண்டுவருவார். அதில் ஒன்றை எடுத்து, சேட் தலையிலிருந்த குல்லாயைக் கழற்றி அதற்குள் வைத்து, நெஞ்சு உயரத்திலிருந்து கீழே விட்டேன். தேங்காய் இரண்டாகப் பிளந்து சேட்டின் ஷூவெல்லாம் தண்ணீர். இன்னொன்றை ஹெல்மெட்டுக்குள் வைத்து விட்டேன். உடையவில்லை. மூன்று தடவை விட்டேன், ம்ஹூம்! சேட் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டார். கிருஷ்ணய்யருக்குத்தான் முகம் வெளிறிவிட்டது.

"என்னடிம்மா இது அபசகுனம், தேங்காய் உடையவே மாட்டேங்கறதே!"

நாலு முழம் மல்லிகை

எங்கள் கூட்டத்தில் கார் ஓட்டுகிற டாக்டர் பத்மா, எலும்பு டாக்டர். உடைந்த எலும்பைத் தினமும் பார்க்கிறவர், ஹெல்மெட்டுக்கு விளம்பரமே அவர்தான் ஆகவேண்டும். ஆனால் ஞாயிறு காலையில் கிங்ஸ் சர்க்கிளில் நாலு முழம் மல்லிகை வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டுதான் வருவார். பூவுக்கு மேல் ஹெல்மெட் மாட்டினால் பூ கசங்கும், பூவோடு சேர்த்து அளவு எடுத்தால் ஹெல்மெட் அண்டா மாதிரி ஆடும். "பூவை எடுங்க டாக்டர்" என்றால், "இன்னிக்கு ஒரு நாள் விடும்மா" என்று கெஞ்சுகிறார். வாராவாரம் இன்றைக்கு ஒரு நாள்தான்.

கடைசியில் நானே பூவை எடுத்து, அவர் காருக்குப் பின்னால் இருக்கிற தோல் வாரில் கட்டிவிட்டேன். டாக்டருக்கும் சந்தோஷம், காருக்கும் கல்யாணக்களை. பறந்தார் பாருங்கள்! முதல் திருப்பத்திலேயே நாலு முழமும் அவிழ்ந்து, பின்னால் வந்த கிருஷ்ணய்யர் கழுத்தில் போய் விழுந்தது. அவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தினார்.

"டாக்டர், எனக்கு எதுக்கு இப்பவே மாலை? நான் இன்னும் இருக்கேன்!"

முட்டைக்குப் பாதுகாப்பு

என் வீட்டுக்காரருக்குத் தைத்த பைகளைக் கடை கடையாய்க் கொண்டுபோய்ப் போடுகிற வேலை. தாராவி, சயான், மாட்டுங்கா என்று நாள் முழுக்க ஸ்கூட்டரில்தான். கேட்டால் "இந்தா இருக்கு சயான், இதுக்குப் போயி எதுக்குட்டி?" என்பார். பின்னால் உட்காருகிற நான் ஹெல்மெட்டோடு, ஓட்டுகிற மனுஷன் வெறுந்தலையோடு. பார்க்கிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பேசாமல் இருந்து பார்த்தேன், அழுது பார்த்தேன், சாமி மேல் சத்தியம் வாங்கிப் பார்த்தேன். சத்தியம் சந்து முனை வரைக்கும்தான் தாங்கியது.

போன தீபாவளிக்குப் புதுச்சட்டையோடு நல்ல ஹெல்மெட்டாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் ஞாயிறு, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார். திருந்திவிட்டார் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கிட்டே வந்து பார்த்தால் அதற்குள் ஒரு டஜன் முட்டை!

"ஏங்க, அது தலைக்கு வாங்குனதுங்க" என்றேன்.

"ஒத்த முட்டை உடையல பாத்தியா? நல்ல சாமான்ட்டி!"

கழற்றிய ஹெல்மெட்

கிருஷ்ணய்யர் ஒரு நாள் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டி அகப்பட்டுக்கொண்டார். பெயர் நோட்டில் ஏறியது. தயிர்சாதம்கூட ஹெல்மெட்டோடுதான். சாயங்காலம் டாக்ஸியில் மாட்டுங்காவுக்குக் கிளம்பினார். ஹெல்மெட் சேட்டின் சொத்தாயிற்றே, திரும்ப வாங்கி வர நானும் கூடப் போனேன். வீட்டு வாசப்படி மிதித்தாயிற்று, இனிக் கழற்றுங்கள் சார் என்றால் ஆள் கழற்ற மாட்டேன் என்கிறார். நெளிகிறார், முகமெல்லாம் வியர்வை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சத்தம் கேட்டு அவர் மனைவி கதவைத் திறந்தார். பார்த்தார். இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். ஹெல்மெட் வந்தது. அதோடு அவருடைய கறுகறு தலைமுடியும் மொத்தமாக வந்தது! அது விக் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது; நாள் முழுக்க வியர்த்ததில் மெத்தையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்றோடு விக் ஒழிந்தது. இப்போது அவர்தான் முதல் ஆளாக வந்து ஹெல்மெட் கேட்கிறார். ஆனால் அன்றைக்கு அந்த அம்மாள் ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தபோது சொன்னதுதான் எனக்குக் கிடைத்த பெரிய பட்டம்.

"முப்பது வருஷமா அதைக் கழட்டித் தொலையுங்கோன்னு நானும் சொல்றேன். நீ ஒரே நாள்ல முடிச்சுட்டியே!"

தள்ளுகிற வண்டி

போன மாதம் ஒரு ஞாயிறு. கிருஷ்ணய்யரின் சிவப்பு வண்டி எத்தனை தள்ளியும் கிளம்பவில்லை. ஸ்டீயரிங் பிடிக்க எடை கம்மியாக ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாட்டிவிட எடுத்து வந்த நாலு ஹெல்மெட் கையில் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். "நேரா பிடி, இடது காலால கிளட்ச்சை அமுக்கிக்கோ, ஓய்னு கத்தினா காலை எடு" என்றார்கள். அவ்வளவுதானே! தள்ளுகிற வண்டிதானே!

கத்தினார்கள், காலை எடுத்தேன். படபடவென்று ஒரு சத்தம், குப்பென்று புகை, வண்டி கிளம்பிவிட்டது. நிற்கவில்லை! ஜென்மத்தில் சைக்கிள்கூட ஓட்டாதவள் நான். முந்தானை ஒரு பக்கம் பறக்க, "ஐயோ அம்மா, இசக்கித் தாயே" என்று அலறிக்கொண்டு போகிறேன். மடியில் இருப்பது விழுந்துவிடக்கூடாதே என்று முழங்கையால் அமுக்கிக்கொள்கிறேனே தவிர, ஒன்றை எடுத்துத் தலையில் கவிழ்க்கக் கை வரவில்லை. எதிரே ஃபாக்டரிச் சுவர் வருகிறது. செத்தேன் என்றுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் முகம் வந்து போனது. ஸ்டீயரிங்கை ஒடித்தேன், வண்டி புல்லுக்குள் இறங்கி, அடுக்கியிருந்த பழைய டயர்களில் முட்டி நின்றது. எனக்கு ஒரு கீறல் இல்லை. ஹெல்மெட் நாலுக்கும் இல்லை.

வேடிக்கை பார்க்க வந்த குடும்பமெல்லாம் கைதட்டுகிறது. கிருஷ்ணய்யர் மூச்சு வாங்க ஓடி வந்தார். நல்லா இருக்கியாம்மா என்று இரண்டு தடவை கேட்டார். நல்லாத்தான் இருக்கேன் என்றேன். உடனே என் இடுப்பில் சொருகியிருந்த நோட்டை உருவிக்கொண்டார்.

"மடில நாலு, தலைல ஒண்ணுமில்லே. இசக்கி, பேரை எழுதிக்கறேன்!"

வாசப்படி வரைக்கும்

சட்டம் போட்டவளே அதை மீறினால் அப்புறம் யார் மதிப்பார்கள்? வெள்ளைப் பட்டை போட்ட ரேஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, செம்பூரில் பஸ் ஏறினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, தான் பஸ் ஓட்டுவதன் மேல் அவ்வளவு அவநம்பிக்கையா என்று இந்தியில் மனம் நொந்து கேட்டார்.

"க்யா மேடம், மேரே பே இத்னா பி பரோசா நஹீ?"

சயானில் இறங்கினால், என்னைக் கூட்டிப்போக என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரோடு நிற்கிறார். வெறுந்தலை. ஞாயிற்றுக்கிழமை முட்டை ஹெல்மெட்டுக்குள் பத்திரமாகக் கைப்பிடியில் தொங்குகிறது. டீக்கடையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

"என்னட்டி இது கோலம்? கழத்து, எல்லாவனும் பாக்கான்."

"வாசப்படி மிதிக்கிற வரைக்கும் கழத்தக் கூடாதுங்க. ஹெல்மெட் போடாம அகப்பட்டுக்கிட்டேன்."

"நீயா? நீ எப்படிட்டி போடாம ஏறுன?"

"தள்ளுற வண்டிதானன்னு ஏறிட்டேன்" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சுருக்கென்றது. இந்தா இருக்கு சயான் என்று அவர் சொல்லுவதும் இதேதானே! அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. சுவர் எதிரே வந்ததையும், கை வராமல் போனதையும் சொன்னேன். "பயந்துட்டேங்க. நீங்க போற அன்னைக்கெல்லாம் எனக்கு இப்படித்தாங்க இருக்கும்" என்று நடுரோட்டில் அழுதுவிட்டேன்.

அவர் கைப்பிடியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தார். முட்டையை ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில், முந்தானையை விரிக்கச் சொல்லி வைத்தார். ஹெல்மெட்டைத் தட்டி ஊதிவிட்டுத் தலையில் மாட்டினார். வாரை இறுக்கத் தெரியவில்லை, நான்தான் குனியச் சொல்லி ஒற்றைக் கையால் இறுக்கிவிட்டேன்.

"முட்டை நாலு உடைஞ்சாலும் சரி, ஏறுட்டி!"

உடைந்தது மூன்று முட்டைதான், அன்று ராத்திரி எங்கள் வீட்டு ஆம்லெட்டில் கொஞ்சம் ஓடு கடிபட்டது என்றாலும் இரண்டு பேரும் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.