மாப்பிள்ளைக் காருக்கு ஸ்ப்ரிங் மாற்றிய தினகரன்

இப்போது சொல்லப்போவது சத்தியமாக நடந்தது. ஒரு பொட்டுப் பொய் கிடையாது. சரி, டீக்கடைப் பூவம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு முறைக்கிறாள், ஆகவே ஒப்புக்கொள்கிறேன்: அங்கங்கே கொஞ்சம் இழுத்துச் சொல்வேன். தறியில் பாவு நூலையே இழுத்துத்தானே கட்டுகிறோம்!

நம்ம காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளி தினகரனை உங்களுக்குத் தெரியும். மூன்று தறி இருந்த வீட்டில் ஒன்றைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் காரை நிறுத்தியவர். சிவப்பு நிறப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, கூரை கிடையாது. சென்னையில் யார் வீட்டு ஷெட்டிலோ அதில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியோடு ஓட்டிக்கொண்டு வந்தார். அந்தக் குலுக்கலில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் முட்டையெல்லாம் பொரிந்துவிட்டது.

மகள் புவனேஸ்வரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அழைப்புக்கு ஊரே திறந்த கார் தேடி அலையும், நம்மிடமே இருக்கிறதே என்று தினகரன் மீசையை முறுக்கினார். சிக்கல் மாப்பிள்ளை பிரேம்நாத்தின் இடுப்பில் இருந்தது. ஒரகடம் கம்பெனிக்குத் தினமும் பைக்கில் போய்ப் போய் நட்டு கழன்ற இடுப்பு அது.

"இன்னாங்க," என்றார் மனைவி கமலவேணி. "உங்க காரு பள்ளத்துல குதிச்சி அந்தப் புள்ளைக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சின்னா, காலைல மணையில யாரு உட்காருவா? நீங்களா?"

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு தினகரன் சென்னைக்குப் போய், பழைய கார் சாமான் விற்கும் டேனியல் கடையில் நின்றார்.

"ஸ்ப்ரிங் ஹார்டா வேணுமா சார், சாஃப்ட்டா வேணுமா? ஷாக் அப்சார்பர் ஆயிலா, கேஸா?"

"கேஸா? சிலிண்டரை எங்கப்பா வெப்ப?"

"அது உள்ளயே இருக்குது சார். அப்புறம், வண்டிய ரெண்டு இஞ்ச் இறக்கிட்டா ரோட்டைப் புடிச்சிக்கினு போவும்."

"எங்க ஊர்ல ரோடே இல்லையேப்பா, எத்தப் புடிக்கும்?"

தினகரனுக்குத் தலை சுற்றியது. தறியில் பாவு இறுக்கமாக இருந்தால் நல்லது. அப்படியென்றால் ஸ்ப்ரிங்கும் இறுக்கமாகத்தானே இருக்க வேண்டும்? இறுக்கினால் தூக்கிப் போடும் என்கிறான் டேனியல். தளர்த்தினால்? வளைவில் சாயுமாம். ஆயிரம் நிறத்தில் புடவைக்கான ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற மனிதர், வெறுங்கையோடு பஸ் ஏறினார். எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டதற்கு, "ஹார்டா, சாஃப்ட்டா, நீயே சொல்லுப்பா" என்றாராம்.

கடைசியில் செவிலிமேட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் தர்மனிடம் காரை விட்டார்.

"தர்மா, எனக்கு ஒண்ணும் புரியல. மாப்பிள்ளை வர்றது சாமி புறப்பாடு வர்ற மாதிரி இருக்கணும். அவ்ளோதான்."

"அதான? உட்டுட்டுப் போங்கண்ணா!"

இங்கேதான் குழப்பம் முற்றியது. தினகரன் பெரிய காஞ்சிபுரத்துக்காரர், சிவன் கோயில் பக்கம். அவர் மனதில் இருந்தது ஏகாம்பரநாதர், கற்பூரம்கூட அணையாத நிதானத்தோடு வருகிற காட்சி. தர்மன் பிறந்து வளர்ந்தது சின்ன காஞ்சிபுரம், பெருமாள் கோயில் பக்கம். கருட சேவையன்று தோள்களின் மேல் வரதர் ஆடி அசைந்து வருவதைப் பார்த்தே வளர்ந்தவன். ஆகவே இருப்பதிலேயே நீளமான, இருப்பதிலேயே கொழகொழப்பான ஸ்ப்ரிங்காகத் தேடி மாட்டினான். கல்யாண வேலையில் தினகரன் ஓட்டிப் பார்க்கவும் இல்லை.

அழைப்பன்று மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்தார். மாமனாரே ஓட்டினார். முதல் வேகத்தடையில் கார் முகத்தைத் தூக்கிக் கோபுரத்தைப் பார்த்தது. பிறகு குனிந்து தரையைக் கும்பிட்டது. இடது பக்கம் ஓர் ஆட்டம், வலது பக்கம் ஓர் ஆட்டம். தவில்காரர் மிரண்டுபோய்த் தாளத்தைக் காருக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். ஓரமாக நின்ற ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு தேங்காய் எடுத்துவர ஓடினார்.

"நிறுத்துங்க! புள்ள இடுப்பு போச்சி!" என்று கமலவேணி பின்னாலேயே ஓடிவந்தார்.

"நிறுத்தி எவ்ளோ நேரம் ஆவுது! அதுதான் ஆடிக்கினே இருக்குது!"

ஒருவழியாக மண்டப வாசலில் ஆட்டம் ஓய்ந்தது. பிரேம்நாத் இறங்கி இடுப்பில் கை வைத்தார். அந்தப் பக்கம் வளைந்தார். இந்தப் பக்கம் வளைந்தார்.

"மாமா, நடுவுல ஏதோ டக்குன்னுச்சி. வலியக் காணோம்!"

மறுநாள் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவரை எழுப்பத்தான் ஆள் தேவைப்பட்டது. ஆகவே இடுப்புக்குச் சின்ன காஞ்சிபுரத்து நடைதான் நல்லது என்று நான் முடிக்கப் பார்த்தேன். எங்கே விட்டார்கள்?

"யோவ், இன்னா நடை?" பெரிய காஞ்சிபுரம் பரமசிவம் டீ கிளாஸை ணங்கென்று வைத்தார். "எங்க சாமி மாதிரி வந்திருந்தா கார்ல உட்கார்ந்ததே தெரிஞ்சிருக்காது அந்தப் புள்ளைக்கு!"

"உங்க சாமி மாதிரி வந்திருந்தா மண்டபத்துக்கு வர்றதுக்குள்ள முகூர்த்தமே முடிஞ்சிருக்கும்!" என்று சின்ன காஞ்சிபுரம் துரைக்கண்ணு எழுந்தார்.

"தோ பாரு, சாமிய இழுக்காத!"

"நீதான்யா மொதல்ல இழுத்த!"

இருவரும் எழுந்த வேகத்தில் பெஞ்சு முன்னும் பின்னும் ஆடியது.

"ரெண்டு பேரும் வெளிய போய் ஆடுங்கப்பா," என்று பூவம்மாள் கரண்டியைத் தூக்கினாள். "என் பெஞ்சுக்கு ஸ்ப்ரிங் கிடையாது!"