சடையப்பனின் வண்டி வசவு

மாட்டுவண்டிகள் செங்கல் சுமந்த அந்தக் காலத்தில், பாரிசவாயு பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக்குப் புதிதல்ல. வீட்டுக்கு வீடு எட்டிப் பார்த்திருந்தது. அது சாய்த்தவர்களில் எழுந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதனால்தான் வண்டிக்காரர் சடையப்பன் வலக்கையும் பேச்சும் போய்ச் சரிந்த அன்றே, துக்கம் கேட்க வருகிறவர்கள் உட்காரப் பக்கத்து வீட்டார் பெஞ்சு இரவல் வாங்கிவிட்டார்கள்.

அவர் வசவு பேர்போனது. கிள்ளானில் மாட்டைத் திட்டினால் எங்கோ தொலைவில் செந்தூலில் ரயில் நின்றுவிடும். அந்த வாயில் இப்போது தண்ணீர் என்ற சொல்கூட வரவில்லை. மனைவி அஞ்சலை மாதக்கணக்கில் கஞ்சி ஊட்டி, கைபிடித்து நடத்திப் பார்த்தாள். கடைசியில் மாடுகளை விற்கத் துணிந்தாள்.

வாங்க வந்தவர் கயிற்றை இழுத்ததும் மயிலைக்காளை வாசலிலேயே படுத்துக்கொண்டது.

"என்னா அக்கா, இது மாடா மலையா?" என்று அவர் பிரம்பை ஓங்கினார்.

கட்டிலிலிருந்து இடி இடித்தது. "எந்திரிடா, எமனும் ஏறாத எருமைக்குப் பொறந்தவனே!"

காளை எழுந்து நின்றது. அஞ்சலையின் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணம் விழுந்தது.

"ஐயோ, என்னையும் ஒருதடவ திட்டுங்களேன்!"

சடையப்பன் முயன்றார், வாய்தான் கோணியது. காளையைப் பார்த்தார், வசவு மடைதிறந்து வந்தது.

"மாடு விக்கிறதுக்கு இல்லண்ணே," என்றாள் அஞ்சலை.

அதன்பின் வண்டியில் அவள் கயிறு பிடித்தாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து திட்டினார். தண்ணீர் வேண்டுமென்றாலும் முதலில் மாட்டைத் திட்டி, வாய் சூடானதும் மெல்லக் கேட்பார். தீபாவளிக்குள் "அஞ்சல" என்ற பெயரும் வந்துவிட்டது, இரண்டு வசவுகளுக்கு நடுவே.