ஆணி அடிக்கும் சத்தம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். பொய்யில்லை. கணக்குப் படிப்பிக்கிறவளுக்குக் கொஞ்சம் கோபம் இருந்தால்தான் வகுப்பு நடக்கும் என்று நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்து வாசலோடு நிறுத்தியிருக்கலாம். நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடிக்கும் அதைக் கொண்டுவந்தேன். அதனால் நடந்ததை எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் கை கூசுகிறது.

பதுளை டவுனிலிருந்து மேட்டில் ஏறும் பாதையில் இருக்கிறது எங்கள் தொடர்மாடி. நான்கு மாடி, பதினாறு வீடு. மூன்றாம் மாடியில் நானும் என் கணவரும். பக்கத்து வீட்டில் ஓர் அக்கா தனியாக இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் கட்டவில்லை. ஊருக்குப் போகலாமே என்று யாராவது சொன்னால், "இந்தக் குளிர் பழகிப் போச்சு, அங்கத்தை வெயிலுக்கு நான் தாங்கமாட்டன்" என்பார். அவருடைய குளியலறைக்கும் என் முன்னறைக்கும் நடுவில் ஒரே சுவர்.

நாங்கள் குடிவந்த முதல் மாதம், ஒருநாள் பின்னேரம் கரண்ட் போனது. இரண்டு வீட்டுக் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அவரிடம் தேயிலைத் தோட்டத்து லயத்தைப் பற்றிச் சொன்னேன். வேறு யாரிடமும் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். நான் பிறந்து வளர்ந்தது நமுனுகுல பக்கத்துத் தோட்டத்தில், ஏழாம் நம்பர் லயத்தில். ஒரே வரிசையில் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. ஒரு காம்பராவில் இருமினால் நாலு காம்பரா தள்ளிக் கேட்கும். யாருக்காவது பிரசவ வலி வந்தால், பாம்பு புகுந்தால், அடைமழையில் பின்பக்கத்து மண் சரிந்தால், சுவரில் மூன்று தட்டு. உலக்கையோ விறகுக் கட்டையோ, கையில் கிடைத்ததால் தட்டுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் அடுத்த சுவரில் மூன்று தட்டிவிட்டு ஓடிவருவார். பன்னிரண்டாவது சுவருக்குத் தட்டு போய்ச் சேருவதற்குள் லயமே வாசலில் நிற்கும். தட்டைக் கேட்டும் எழும்பாத வீட்டோடு அப்புறம் யாரும் பேசமாட்டார்கள். அப்படி ஒரு குடும்பத்தைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வருகிறார்கள் என்றால் பீலியடியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

அக்கா ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப எனக்கும் ஏதும் எண்டால் தட்டலாம் என்ன?" என்றார்.

"தட்டுங்கக்கா, ஓடி வந்துருவேன்" என்றேன்.

அந்த வருஷமே இரண்டாம் மாடியில் களவு போனது. நல்ல பகல் நேரத்தில் ஒரு மடிக்கணினியும் கேஸ் சிலிண்டரும். எல்லோரும் பயந்துபோனார்கள். கூட்டம் போட்டு என்னைச் செயலாளராக்கினார்கள். கேட்டுக்குப் பூட்டு, பகல் முழுக்க ஒரு வாட்சர், நாலு கேமரா, வருகிறவர் பெயர் எழுத ஒரு கொப்பி என்று இரண்டே வாரத்தில் செய்து முடித்தேன். வெளியாள் வந்தால் வாட்சர் அந்த வீட்டுக்கு போன் அடித்துக் கேட்க வேண்டும், போனுக்குப் பதில் இல்லையென்றால் உள்ளே விடக்கூடாது என்று நானே எழுதி ஒட்டினேன். அதற்குப் பிறகு ஒரு செருப்புக்கூடக் காணாமல் போனதில்லை. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தத் தாளில் கடைசியாக ஒரு வரி இருந்தது. விற்பனைக்கு வருகிறவர்களும் இதே விதிக்கு உட்பட்டவர்கள், யாருக்கும் விலக்கு இல்லை. அந்த வரியை ஒரே ஓர் ஆளை மனதில் வைத்துத்தான் எழுதினேன்.

அது கீரைக்காரம்மா. எங்கள் தோட்டத்துக்காரர். வாரத்தில் மூன்று நாள் வல்லாரையும் பொன்னாங்காணியும் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார். எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக அக்கா வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக் கதைத்துவிட்டுப் போவார். ஒருநாள் கேட்டடியில் நாலு பேர் நிற்கும்போது என்னைப் பார்த்து, "ஏழாம் நம்பர் லயத்துப் புள்ளதானே நீ? ஒங்கம்மாவும் நானும் ஒரே மலையில கொழுந்து எடுத்தோம்" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போனது. பஸ் வருகிறது என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் அந்த வரியைச் சேர்த்தேன். பாதுகாப்பு என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும், "அவ களவெடுக்கிற ஆள் இல்லை தங்கச்சி" என்றார். "ஆளுக்கொரு சட்டம் போட முடியாதுக்கா" என்று அவர் வாயை அடைத்தேன். அதற்குப் பிறகு மற்ற வீட்டுக்காரர்கள் கேட்டடிக்கு வந்து கீரை வாங்கிக்கொண்டார்கள், அக்கா மட்டும் போனில் சொல்லி அவரை மேலே கூப்பிடுவார்.

அன்று சனிக்கிழமை. கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான் முன்னறையில் தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பாதிப் பிள்ளைகள் பின்னத்தைக் குதறி வைத்திருந்தார்கள். எரிச்சலில் இருந்தேன். பத்து மணி இருக்கும். சுவரில் டொக், டொக், டொக் என்று சத்தம். நின்றது. மறுபடி மூன்று. யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். திரும்பவும் மூன்று. பேனாவை வீசிவிட்டு போனை எடுத்து, எங்கள் தொடர்மாடி வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "விடுமுறை நாளில் சுவரில் ஆணி அடிப்பவர்கள் தயவுசெய்து மாலை நான்கு மணிக்குப் பிறகு அடிக்கவும். மற்றவர்களும் மனிதர்கள்தான். செயலாளர்."

ஐந்தாறு பேர் கட்டை விரல் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. சொன்னால் கேட்கிறார்களே என்று திருப்தியோடு அடுத்த தாளை எடுத்தேன்.

ஒரு மணிக்கு வாட்சர் எனக்கு போன் அடித்தார். "டீச்சர், இந்தக் கீரைக்காரம்மா போக மாட்டேங்குது. பன்னெண்டு மணியில இருந்து கேட்டுல ஒக்காந்துருக்கு. கொஞ்சம் வாங்க." இறங்கிப் போனேன். போகும்போதே ஏச வேண்டியதை மனதில் அடுக்கிக்கொண்டு போனேன்.

அவர் கேட்டுக்கு வெளியே கீரைக் கூடையைப் பக்கத்தில் வைத்துக் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"புள்ள, அக்கா போன் எடுக்கல. இந்தாளு நாலு தரம் அடிச்சுப் பாத்துட்டாரு."

"எடுக்கலைன்னா தூங்குறாங்கன்னு அர்த்தம். இல்ல, எங்கயாவது போயிருப்பாங்க. திங்கக்கிழமை வாங்க."

"அவங்க எங்கயும் போகல. கேமராவுல பாருங்கன்னு சொன்னேன், இவரு பாத்தாரு. நேத்து சாயங்காலம் உள்ள வந்தவங்க வெளிய வரவே இல்ல."

வாட்சர் தலையாட்டினார். "ஆமாங்க டீச்சர். ஆனா போன் எடுக்காட்டி விடக்கூடாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."

"போன் எடுக்கலைன்னாத்தானே போய்ப் பாக்கணும்?" என்றார் கீரைக்காரம்மா. பிறகு என்னைப் பார்த்து, "நீ பக்கத்து வீட்டுலதானே இருக்க? காலையில இருந்து ஒரு சத்தமும் கேக்கலையா?" என்றார்.

"யாரோ ஆணி அடிச்சாங்க. அந்தச் சத்தம்தான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. மூன்று. நிறுத்தி, மூன்று. அவர் என் முகத்தையே பார்த்தார். அவரும் லயத்தில் பிறந்தவர். ஆணி அடிக்கிறவன் மூன்று மூன்றாக எண்ணி அடிக்கமாட்டான் என்று அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

படியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. அக்கா வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டு. களவுக்குப் பிறகு எல்லோரும் உள்பக்கம் இரண்டாவது பூட்டுப் போட வேண்டும் என்று சொன்னவளும் நான்தான். வாட்சர் அலவாங்கு கொண்டுவந்து நெம்பினார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிஷமும் கீரைக்காரம்மா கதவில் வாயை வைத்து, "அக்கா, வந்துட்டோம், வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

குளியலறையில் கிடந்தார். விடியற்காலையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. விழுந்ததும் மயங்கி, பத்து மணி போல நினைவு வந்து, கத்தக் குரல் வராமல் தட்டியிருக்கிறார். கையெட்டும் தூரத்தில் நிலம் தேய்க்கும் பிரஷ் கிடந்தது. அதன் பிடி பட்டு என் பக்கத்துச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. மூன்று மணி நேரத்துக்கு முன்பே அவரைத் தூக்கியிருக்கலாம். ஈரத் தரையில் குளிரில் விறைத்துப்போயிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

அம்புலன்ஸில் நான் கூடப் போனேன். அவர் பிழைப்பாரா என்று தெரியாத நேரம் அது. ஒரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறு கையால் போனைத் திறந்து, குழுவில் நான் போட்டதை அழித்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நேரத்தில்கூட எனக்கு என் மானம்தான் பெரிதாக இருந்தது.

பிழைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கீரைக்காரம்மா கட்டிலருகில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அக்கா தலையணையில் சாய்ந்திருந்தார். போன் மடியில் இருந்தது.

"தங்கச்சி, குறூப்பிலை நீர் ஏதோ எழுதிப்போட்டு அழிச்சிருக்கிறீர். நான் கிடந்த நேரத்துக்குத்தான் கிடக்கு. என்னைத் தேடித்தானே போட்டனீர்?"

பொய் சொல்ல ஒரு நொடி போதுமாக இருந்தது. "ஆமாக்கா" என்றேன்.

அக்கா பக்கத்துக் கட்டில்காரரிடம் திரும்பினார். "இந்தப் பிள்ளைதான். நான் சுவரிலை தட்டினன், சத்தம் கேட்டு ஓடிவந்து கதவை உடைச்சவ."

நான் கீரைக்காரம்மாவைப் பார்த்தேன். இப்போது சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றும் ஒரு பக்கம் நினைத்தேன். அவர் தோடம்பழச் சுளையில் கொட்டையை எடுத்துக்கொண்டே, "ஆமாங்க. டீச்சர்தான் மொதல்ல படியேறி ஓடுனாங்க" என்றார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுவரைக்கும் என்னைப் புள்ள என்று கூப்பிட்டவர் அன்றைக்குத்தான் முதல்முறையாக டீச்சர் என்றார். இன்றுவரை டீச்சர்தான்.

இப்போது விதியை மாற்றி எழுதியிருக்கிறேன். போன் எடுக்காவிட்டால் வாட்சர் வந்தவரையும் கூட்டிக்கொண்டு நேரே மேலே போய்க் கதவைத் தட்ட வேண்டும். உள்பக்கத்து இரண்டாவது பூட்டை எல்லா வீட்டிலும் கழற்றிவிட்டோம். ஒவ்வொரு மாடியிலும் ஒரு வீட்டில் மற்ற வீடுகளின் மாற்றுச் சாவி இருக்கிறது. கேமராவும் இருக்கிறது, கேட்டும் இருக்கிறது. கீரைக்காரம்மா யாரிடமும் கேட்காமல் ஏறிப் போகிறார்.

அக்கா வீடு திரும்பிவிட்டார். நாலு கால் தடி ஊன்றி நடக்கிறார். காலையில் எழும்பியதும் சுவரில் மூன்று தட்டு தட்டுவார், நல்லபடியாக எழும்பிவிட்டேன் என்பதற்கு. நானும் பதிலுக்கு மூன்று தட்டுவேன். அதற்குப் பிறகு ஊரிலிருக்கும் தங்கைக்கு போன் எடுப்பார். அவர் கதைப்பதெல்லாம் எனக்குக் கேட்கும். "எனக்கென்ன பயம்? பக்கத்திலை ஒரு தங்கமான பிள்ளை இருக்கிறா. தட்டினால் ஓடி வருவா" என்று அவர் சொல்வதும் ஒரு சொல் விடாமல் கேட்கும். அன்றைக்கும் இதே சுவர்தான்.