பேண்டுக்காரர்களின் கோட்டும் என் இடது கையும்

1936ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில், வைகாசி மாதப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் நான் எழுதி வைத்த குறிப்பு இது: “இடது முன்கை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எரிச்சல். கட்டைவிரலில் எறும்பு ஊர்கிறது. துணி நழுவுகிறது.”

அப்போது வில்லியனூர் தேரடிப் பக்கம் எனக்குத் தையற்கடை. பிரெஞ்சு சர்க்கார் கொண்டாடும் ஜூலை பதினாலாம் தேதிப் பண்டிகைக்கு ஊர்வலத்தில் வாசிக்கும் பேண்டுக்காரர்களுக்குச் சிவப்புக் கோட்டு தைக்கும் வேலை முதல் தடவையாக எனக்கு வந்திருந்தது. அதுவரை அந்த வேலையெல்லாம் டவுன் கடைகளுக்குத்தான் போகும். இந்தத் தடவை தவறினால் இனி நம் பக்கம் வராது என்று எனக்குத் தெரியும்.

கத்தரி பிடிக்கும் கை எது?

வலி என்று சொன்னதும் எல்லாரும் கத்தரியைத்தான் குறை சொன்னார்கள். ஆனால் நான் கத்தரி பிடிப்பது வலது கையில். இடது கைக்குத் துணியை மிஷின் பக்கம் தள்ளிக்கொடுக்கும் வேலை மட்டும்தான். பாடுபடுகிற கை சும்மா இருக்க, சும்மா இருக்கிற கை ஏன் வலிக்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. கிடைத்த வைத்தியப் புத்தகங்களைப் புரட்டியதில், எனக்கு இல்லாத நான்கு நோய்கள் இருப்பதாகத் தெரிந்தது.

பேண்டு மாஸ்டர் சவரிமுத்து மட்டும் கலங்கவில்லை. அளவு பார்க்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா டெய்லரே, கைக்கு ஒப்பாரி வெக்கிறியா?” என்றார். வலியைச் சொன்னதும் அவரே யோசனையும் சொன்னார்: “தொளதொளன்னு வுட்டா டிரம்மே பேசாது. கை எப்படிப் பேசும்? இறுக்கிக் கட்டுய்யா.”

அவர் சொன்னது என் ஊசிமெத்தையின் வாரை. குண்டூசிகளைக் குத்தி வைக்க, எலுமிச்சம்பழம் அளவுக்குப் பஞ்சு அடைத்த சின்ன மெத்தை ஒன்றை நாங்கள் இடது மணிக்கட்டில் கட்டிக்கொள்வோம். என்னுடையதன் துணி நாடா அறுந்து போனபோது, பழைய டிரம்மின் தோல்வாரில் ஒரு துண்டை வெட்டி, பக்கிள் வைத்து, சவரிமுத்துதான் அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். ஜென்மத்துக்கும் அறுந்து போகாது என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். கையில் பிடிமானம் இல்லாதபோது இறுக்கம் தெம்பு தரும் என்று எனக்கும் தோன்றியது. ஒரு துளை தள்ளி மாட்டினேன்.

தைலம்

வில்லியனூர் தர்மாஸ்பத்திரிக்கு வாரம் ஒரு நாள் டவுனிலிருந்து ஒரு தமிழ் டாக்டர் வருவார். போய்க் காட்டினேன். கையைத் திருப்பினார், விரலை மடக்கச் சொன்னார், கழுத்தைக்கூடத் தடவிப் பார்த்தார். நரம்பு சம்பந்தப்பட்டது என்றார். ஆனால் எங்கே நசுங்குகிறது என்று பிடிபடவில்லை. தைலம் எழுதிக் கொடுத்து, கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்று வலி குறையும். திங்கட்கிழமை திரும்பவும் வந்து உட்காரும். என் மனைவி நாகம்மாள், “கைக்கு நோவு இல்லீங்க, வேலைக்குப் போவ சோம்பேறித்தனம்” என்று சொல்லிக்கொண்டே தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுப்பாள். கோட்டுகளோ பாதி கூட முடியவில்லை. கழுத்துப் பட்டையைப் பிடித்தால் விரலுக்குத் துணி இருப்பதே தெரியாது. டவுன் கடைக்காரனிடம் மிச்சத்தைக் கொடுத்துவிடலாமா என்று நினைக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

டாக்டரின் கால்சட்டை

ஆனி மாதத்தில் ஒரு நாள், ஆஸ்பத்திரி முடித்துத் திரும்பும் வழியில் டாக்டரே கடைக்கு வந்தார். கால்சட்டையின் இடுப்பைப் பிடிக்க வேண்டுமாம். குண்டூசி குத்த நான் குனிந்தேன். அவர் கால்சட்டையை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இது இன்னாய்யா?”

“ஊசிமெத்தைங்க.”

“அன்னிக்கு இல்லியே.”

“பெரிய மனுஷருங்ககிட்ட வரும்போது ஊசியோட வர்றதாங்க? அவுத்து வெச்சிட்டுத்தான் வந்தேன்.”

பக்கிளைக் கழற்றினார். தோலில் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தில், கட்டைவிரல் பக்கமாக, விரல் நுனியால் லேசாகத் தட்டினார். கட்டைவிரல் நுனி வரை ஒரு மின்னல் ஓடியது. நான் துள்ளிய துள்ளலில் கையிலிருந்த குண்டூசி அவர் இடுப்பில் ஏறிவிட்டது. அவரும் துள்ளினார்.

“என் தைலத்தையும் பூசிக்கினு, அதும்மேலயே வாரையும் கட்டிக்கினு இருந்திருக்கே,” என்று இடுப்பைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

அந்த இடத்தில் நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது, வார் நாள் முழுக்க அதை எலும்போடு வைத்து அழுத்துகிறது என்று விளக்கினார். வாரை இனிக் கையில் கட்டவே கூடாது. தூங்கும்போது கையை மடக்காமல் தலையணைமேல் நீட்டி வைக்க வேண்டும். வெதுவெதுப்பான ஒத்தடம் தொடரலாம், அழுத்தித் தேய்க்கக் கூடாது. காலையும் மாலையும் கையை நீட்டி, மணிக்கட்டை மெல்லச் சாய்த்துத் திருப்ப வேண்டும். மின்னல் வந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். கொஞ்சம் தைத்தால் கொஞ்சம் எழுந்து நடக்க வேண்டும்.

எறும்பு ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் முழங்கைப் பக்கத்து எரிச்சல் அடங்கியது. பிறகு துணி விரலுக்குத் தெரிய ஆரம்பித்தது. பொத்தான் தைக்கிற வேலையை நாகம்மாள் எடுத்துக்கொண்டாள். பண்டிகைக்கு முதல் நாள் கடைசிக் கோட்டுக்கு இஸ்திரி போட்டோம். விஷயத்தைக் கேட்ட சவரிமுத்து, “என் தோலு மேல பழி போடாத. ஒரு துளை தள்ளி மாட்டுனது யாரு?” என்றார். மறுநாள் ஊர்வலத்தில் என் கடை முன்னால் வந்ததும், வேண்டுமென்றே நின்று, டிரம்மை ஒரு சுற்று அதிகமாக அடிக்க வைத்தார்.

தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வைத்தியரிடம் போகும்போது குளித்துவிட்டுப் போங்கள், ஆனால் வேலை செய்கிற கோலத்திலேயே போங்கள்.

அந்தத் தோல்வாரை நான் தூக்கிப்போடவில்லை. ஊசிமெத்தையோடு சேர்த்து மிஷினின் கழுத்தில் கட்டிவிட்டேன். மிஷினுக்கு நரம்பு இல்லை. 1941இல் நெட்டப்பாக்கத்தில் ஒரு கடையிலும் மிஷின் கழுத்தில் ஊசிமெத்தையைப் பார்த்தேன். நம் கடை வழக்கம் அங்கே வரை போயிருக்கிறதே என்று பூரித்துப்போய் விசாரித்தேன். “எங்க அப்பா காலத்துலேர்ந்து இப்படித்தாங்க,” என்றார் கடைக்காரர். அவருடைய அப்பா எந்த ஆண்டில் கடை வைத்தார் என்பதை இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.