பொட்டு வைத்த சிடி

சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனையும் பெட்டிக்குள் சிடி சுற்றும்போது வரும் "கொர்ர்" என்ற சத்தமும்தான் எனக்கு அண்ணன் கம்ப்யூட்டரில் ஆடிய கார் பந்தய விளையாட்டு. அது அன்றும் எனக்குப் பிடிக்காது, இன்றும் பிடிக்காது.

இரும்புலியூரில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டுக்கு அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவர் அப்பா. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் இரும்பு கடையும் லேத் மெஷின் ஓட்டியவர், பிள்ளைகளும் தன்னைப்போல எண்ணெய்க் கையோடு நிற்கக் கூடாது என்று வாங்கினார். அண்ணன் அதில் படித்ததைவிடக் கார் ஓட்டியதுதான் அதிகம். என்னைக் "கீபோர்டு" பக்கமே விட மாட்டான்.

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் பொட்டில்லாத பொருள் இருக்காது. சைக்கிள், அரிவாள்மனை, மிக்ஸி, ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் வைத்த அப்பா, அந்த வருஷம் கம்ப்யூட்டருக்கும் வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த விளையாட்டு சிடியையும் எடுத்தார். ஒரு பக்கம் கார் படம் இருந்தது. படம் பாழாகக் கூடாதே என்று, வெறுமையாகப் பளபளத்த மறுபக்கத்தில் பார்த்துப் பார்த்துச் சந்தனத்தைக் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமமும் இட்டார். பூஜையில் வைத்ததை அன்று யாரும் தொடக் கூடாது என்பதால் அது அப்படியே காய்ந்து இறுகிவிட்டது. மறுநாள் காலை கற்பூரம் காட்டியதும் அண்ணன் அதை எடுத்துச் சட்டை முனையால் தேய்தேய் என்று தேய்த்ததில் கீறல்தான் மிச்சம். கம்ப்யூட்டர் படிப்பதே அந்தப் பளபளத்த பக்கத்தைத்தான் என்பதால் விளையாட்டு வரவேயில்லை.

அப்பாவைப் பார்த்து அவன் சொன்னான்: "உனக்கு இன்னா தெரியும்? எண்ணெய்க் கைய வெச்சிகினு லேத்தாண்டயே நிக்க வேண்டியதுதானே."

சாமி படத்துக்கு முன்னால் நின்றிருந்த அப்பா, "தப்புதான்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

போன மாதம், கூடுவாஞ்சேரியில் இருக்கும் அண்ணன் புது லேப்டாப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்பா என்னோடுதான் இருக்கிறார். அதே கார் விளையாட்டை இணையத்தில் தேடிப் பிடித்திருந்தான். அந்தக் காலத்து விளையாட்டைப் புது மெஷின் ஏற்றுக்கொள்ளாதாம்; மூன்று நாள் லீவு போட்டு, புது மெஷினைப் பழைய மெஷின் மாதிரி நடிக்கவைக்கும் ஒரு சாப்ட்வேரைத் தேடிப் போட்டு ஓடவைத்தானாம். ஒரு விளையாட்டுக்கு மூன்று நாள் ஒதுக்கத் தெரிந்தவனுக்கு, அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்ல இத்தனை வருஷத்தில் நேரம் கிடைக்கவில்லை. இன்றாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவனோ என் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, தாத்தா சிடிக்குப் பொட்டு வைத்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான்.

நாற்காலியில் இருந்த அப்பாவும் சிரித்தார். பிறகு அவனிடம், "எனக்கு அப்போ தெரியலப்பா. நீ ஆசையா வெச்சிருந்தத கெடுத்துட்டேன்" என்றார்.

"அத்த விடுப்பா" என்றான் அண்ணன், பெரிய மனசு பண்ணுகிறவன்போல, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, அன்றைக்கு அப்பாவை என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நானா? இன்னா சொன்னேன்?"

நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்திருந்தான். நானும் எடுத்துச் சொல்லவில்லை. அப்பா காதில் அது இன்னொரு தடவை விழ வேண்டாம்.

அந்த ஒற்றை அறை வீடு இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் கட்டடம். அப்பாவின் வேலை போய், கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போய், இப்போது அந்த வார்த்தையும் சொன்னவனைவிட்டே போய்விட்டது; அதைப் பிடித்துவைத்திருப்பது நான்தான். அண்ணனை மன்னிக்கிற மனசைக் கொடு முருகா என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்துவிடுவானோ என்று பயமாகவும் இருக்கிறது.