சிவகாமியின் புல்லும் மஞ்சள் நாரும்

சிவகாமி போய்விட்டாள்.

காலையில் அவள் மகளிடமிருந்து வாட்ஸ்அப். தூக்கத்திலேயே... ஆஸ்பத்திரி இல்லை, ஊசி இல்லை. முட்டி ரெண்டும் போய் நான் இங்கே வாக்கரோடு மல்லுக்கட்டுகிறேன். இதிலும் அவள்தான் ஃபர்ஸ்ட்.

அழுதேன். பொறாமையும் பட்டேன். இந்த வயதில் மறைக்க என்ன இருக்கிறது?

1960களின் தொடக்கம். புதுக்கோட்டையில் டீச்சர் ட்ரெய்னிங். நான் குளத்தூர்க்காரி, அவள் கறம்பக்குடி. ஹாஸ்டல் முன்னால் ஆளுக்கொரு பூப்பாத்தி. வெள்ளிக்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா சுற்றிப் பார்ப்பார். எந்தப் பாத்தி நன்றாக இருக்கிறதோ, அந்தப் பெண்தான் சாயங்காலப் பிரேயரில் மேஜைச் சாடியில் பூ வைப்பாள்.

எனக்கு அது வேண்டும். ஒரே ஒரு தடவை. ஆனால் வாராவாரம் சிவகாமிதான் வைத்தாள். பூ இல்லையென்றால் தன் பாத்தியில் வளர்த்த புல்லையே செருகுவாள்!

பச்சையில் வெள்ளைக் கோடு ஓடும் அழகுப் புல். நானும்தான் வைத்தேன். ஒரே மாதத்தில் பாத்தி முழுக்கப் பரவி காசித்தும்பைக் கன்றுகளை விழுங்கியது. எரிச்சலில் பிடுங்கி எறிந்தேன்.

அவள் அடி வெட்டிய பிஸ்கட் டின்னை மண்ணுக்குள் இறக்கி, அதற்குள் நட்டாள். வேர் தாண்டவில்லை. புல்லின் தாள் கன்று மேல் சாயாமல் குடுமி மாதிரி வாழைநாரால் கட்டி நிறுத்துவாள். கரையான் அரிக்கக் கூடாதென்று நாரை மஞ்சள் தண்ணீரில் நனைத்து எடுப்பாள்.

"இம்புட்டுப் பாடு எதுக்குடி, பிடுங்கிப் போட வேண்டியதுதானே?"

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே. அங்கிட்டுப் போகாமப் பாத்துக்கிட்டாப் போதும்."

பங்குனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். எல்லோரும் மெஸ்ஸில். நான் போய் அவள் பாத்தியில் கட்டியிருந்த நாரையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். புல் சரிந்து கன்றுகளை மூடியது. மனசு குளிர்ந்தது, சத்தியமாக.

மூன்று மணிக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வந்தார். வெயிலில் என் கன்றுகள் தலை தொங்கிக் கிடந்தன. அவள் பாத்தியில் புல்லை விலக்கிப் பார்த்தார்... அடியில் ஒரு கன்றுகூட வாடவில்லை.

"வெயிலுக்கு மூடி வச்சியாம்மா? கெட்டிக்காரி!"

"நான் அவுக்கலைங்கம்மா..." என்றாள் சிவகாமி. அடக்கமான பெண் என்று அதற்கும் ஒரு பாராட்டு. எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் வீட்டில் பூக்கட்டும் தொழில். நல்ல நாரைத் தூக்கிப் போட எனக்குக் கை வராது. அவிழ்த்த நாரையெல்லாம் சுருட்டி எடுத்து வந்திருந்தேன். சாயங்காலம் அதிலேயே கனகாம்பரம் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பிரேயருக்குப் போனேன். புத்தி எங்கே போனதோ!

வரிசையில் எனக்குப் பின்னால் அவள்.

"பூ நல்லாருக்குடி. நாரு அதைவிட நல்லாருக்கு."

மெதுவாகத்தான் சொன்னாள். அப்புறம் போய்ச் சாடியில் புல்லை வைத்தாள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு எத்தனை கடிதம், எத்தனை ஃபோன்... அந்த நாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானாக இருந்தால் அன்றைக்கே ஊரைக் கூட்டியிருப்பேன். அவளால் எப்படி முடிந்தது? அதிலும் எனக்குப் பொறாமைதான்.

நானும் சொல்லவில்லை. இந்தப் பொங்கலுக்கு ஃபோனில் பேசியபோதுகூட வாய் வரை வந்தது.

அவளுக்குப் போட மாலையை நானே கட்டினேன். விரல் மடங்கவில்லை, நேரமாகிவிட்டது. மருமகள் கறம்பக்குடிக்கு எடுத்துப் போயிருக்கிறாள்.

நாரை மஞ்சத் தண்ணியில நனைச்சுத்தான் கட்டுனேன், சிவகாமி. பாத்தா ஒனக்குத் தெரியும்.

போய்ட்டு வாடி.