விடுபட்ட ஓர் எழுத்து

குளச்சலில் பிளஸ் டூ படித்தபோது கணினி அறிவியலில் பள்ளிக்கே முதல் மதிப்பெண் பெபிஷாவுடையது. அப்பா சிலுவை விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர்; போனால் திரும்பப் பத்துப் பதினைந்து நாளாகும். அம்மா கிரேசி துறைமுகத்தில் மீன் எடுத்துத் திங்கள்சந்தையில் விற்பவள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.சி.ஏ. சேர்ந்த அன்று, வகுப்பில் தனக்கு மேல் யார் இருந்துவிடப் போகிறார்கள் என்ற தெம்போடுதான் பெபிஷா பஸ் ஏறினாள்.

அந்த பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் ஷப்னா. அவளுக்கும் குளச்சல்தான். வாப்பா மஸ்கட்டில் இருந்தார். பள்ளியில் அவள் படித்தது வணிகவியல்.

"ஏட்டி, இந்த லூப்பு லூப்புங்காங்களே, அது என்னத்துக்கு?" என்று மூன்றாம் நாளே கேட்டாள்.

"ஒரே வேலையத் திருப்பித் திருப்பிச் செய்யச் சொல்லதுக்கு. நீ எழும்புற வரைக்கும் ஒனக்க உம்மா கூப்பிட்டுட்டே இருப்பாங்கல்லா, அது மாதிரி."

ஷப்னா பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். அன்று முதல் தினமும் அம்மாண்டிவிளை தாண்டும்வரை பெபிஷா அவளுக்குப் பாடம் எடுத்தாள். சொல்லிக்கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது. 'இவளுக்கு நான் இல்லாவிட்டால் ஆகாது' என்ற சுகம்.

அது மூன்றாவது செமஸ்டர் வரைதான் நீடித்தது. புரோகிராமிங் எடுத்த தாணு சார் பூதப்பாண்டிக்காரர். சுலபத்தில் யாரையும் பாராட்டாதவர். ஒருநாள் ஆய்வகத்தில் இரண்டு புரோகிராம்களைத் திரையில் போட்டார்.

"இத ஒரு ஆளு நாப்பது வரியில எழுதியிருக்கு. தப்பில்ல. இன்னா இந்தப் பிள்ள பன்னெண்டு வரியில முடிச்சிருக்கு, பாருங்க."

பன்னிரண்டு வரி ஷப்னாவுடையது. நாற்பது வரிக்காரியின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் பெபிஷாவுக்குக் காது மடல் சுட்டது. திரும்பும்போது பஸ்ஸில் ஷப்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் நீ சொல்லித் தந்ததுதான மக்கா."

அவள் பீற்றிக்கொண்டிருந்தால் வெறுக்கவாவது வசதியாக இருந்திருக்கும். அவளோ மனசாரச் சொன்னாள். பெபிஷா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன்பின் பெபிஷா, ஷப்னா எழுதும் ஒவ்வொரு புரோகிராமையும் கேட்டு வாங்கிப் படிக்க ஆரம்பித்தாள். ஆசைப்பட்டு அல்ல, எங்காவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்றுதான். வீட்டில் அதையே தன் கைப்பட நோட்டில் எழுதி, வரிவரியாக நோண்டுவாள். ஒன்றும் சிக்காது. சிக்காத ஒவ்வொரு நாளும் நெஞ்சுக்குள் ஏதோ கருகுகிற மாதிரி இருக்கும். தேர்வு முடிவு வந்தால் தன் மதிப்பெண்ணைப் பார்க்குமுன் ஷப்னாவின் பதிவெண்ணைத்தான் தட்டிப் பார்ப்பாள்.

இறுதியாண்டில் இரண்டிரண்டு பேராகப் புராஜெக்ட் செய்யவேண்டும். இவர்களைக் கேட்காமலே வகுப்பில் இருவர் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். யோசனை பெபிஷாவுடையது: எந்தப் படகு கரைக்கு வந்திருக்கிறது, அதில் என்ன மீன் என்பதை மீன் விற்கும் பெண்களின் போனில் தமிழில் பேசிச் சொல்லும் ஒரு செயலி. நெத்திலி, சாளை, அயலை, கணவாய் என்று எல்லாப் பெயரையும் சொல்லிப் பதிவுசெய்ததும் அவள் குரல்தான். ஆனால் உள்ளே இருந்து அதை ஓட வைத்தது ஷப்னா எழுதிய நிரல்.

சோதித்துப் பார்க்க கிரேசியின் போனில் போட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படும் கிரேசி, போன் பேசியதும் வாயில் கைவைத்துக்கொண்டாள்.

"என்ன மூள மோளே ஒனக்கு!" என்று ஷப்னாவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"அம்மா, அதுல பேசுகது நானாக்கும்," என்றாள் பெபிஷா.

"அது சரி. பேச வச்சது இவல்லா?"

கல்லூரியில் தோற்றதைத் தாங்கிக்கொண்டவளுக்கு, சொந்த வீட்டில் தோற்றதைத் தாங்க முடியவில்லை. ஷப்னா போனபிறகு, இனிமேல் அவளை இங்கே கூட்டி வரமாட்டேன் என்று எரிந்து விழுந்தாள். கிரேசிக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த மனநிலையில் இருக்கும்போதுதான் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு மென்பொருள் கம்பெனி கல்லூரிக்கு ஆள் எடுக்க வருவதாகச் செய்தி வந்தது. வகுப்புப் பிரதிநிதி பெபிஷா. எல்லோரும் நிரப்பிய விவரங்களைச் சரிபார்த்து அனுப்புவது அவள் பொறுப்பு. மின்னஞ்சல் முகவரிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். ஷப்னா தன் முகவரியில் பெயரின் கடைசி எழுத்தை விட்டிருந்தாள். அந்த முகவரி பெபிஷாவுக்கு மனப்பாடம். மூன்று வருடமாக அதற்குத்தானே பாடக்குறிப்புகள் அனுப்புகிறாள்.

ஓர் எழுத்தைச் சேர்க்க எவ்வளவு நேரமாகும்? விரல் விசையின்மேல் போய் நின்றது. 'அவ எழுதினதத்தான நான் அனுப்புகேன்' என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பட்டியல் அப்படியே போனது.

எல்லோருக்கும் தேர்வுக்கான இணைப்பு வந்தது. ஷப்னாவுக்கு வரவில்லை.

"பத்தாங் கிளாஸ்ல எனக்கு மார்க் கொறவுல்லா, அதான் தள்ளியிருப்பாங்க," என்றாள். கண் கலங்கியிருந்தது. "நீ நல்லா எழுது மக்கா. நீயாவது வேலைல கேறிரணும்."

"ஆங், அதாத்தான் இருக்கும்," என்றாள் பெபிஷா. நடந்த எல்லாவற்றிலும் அந்த ஒரு வார்த்தைதான் பின்னாளில் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

எழுத்துத் தேர்வில் தேறி நேர்முகத்துக்குப் போனாள். அங்கே இருந்த பெண் அதிகாரி புராஜெக்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிரலிலிருந்துதான் கேள்வி கேட்டார். இந்த இடத்தில் ஏன் இப்படி, இதை மாற்றினால் என்ன ஆகும் என்று துருவினார். பெபிஷா தட்டுத்தடுமாறாமல் சொன்னாள். ஓட்டை தேடித் தேடிப் படித்ததில் ஷப்னாவின் கை அவளுக்குள் இறங்கியிருந்தது. எந்த வரி எதற்கு என்று ஷப்னாவைவிட அவளுக்கே கூடுதலாகத் தெரிந்திருந்தது.

வேலை கிடைத்தது. மறுநாள் ஷப்னா வீட்டிலிருந்து வட்டிலப்பம் என்ற இனிப்பைக் கொண்டுவந்து வகுப்பு முழுக்கக் கொடுத்தாள். பெபிஷா தன் பங்கைப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிட்டாள்.

ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு பஸ்ஸில் ராஜாக்கமங்கலம் தாண்டியதும் சொல்லிவிட்டாள்.

"ஒனக்க மெயில் ஐடில ஒரு எழுத்து விட்டுப்போச்சு. அதான் லிங்க் வரல்ல."

ஷப்னா போனை எடுத்துப் பார்த்தாள். "அல்லாவே, ஆமாட்டி. நான் ஒரு மூள கெட்ட பொட்டச்சி..." என்று தலையில் தட்டிக்கொண்டவள் சட்டென்று நிமிர்ந்தாள். "ஒனக்கு எப்பம் தெரியும்?"

"அனுப்பதுக்கு முன்னாலயே."

ஷப்னா பையை எடுத்துக்கொண்டு எழுந்து முன்னால் போய் நின்றாள். உட்கார இடமிருந்தும் குளச்சல்வரை நின்றுகொண்டே வந்தாள்.

பெபிஷா மறுநாளே தாணு சாரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் அன்றே ஷப்னாவுக்கும் தேர்வு வைக்கும்படி கம்பெனிக்கு எழுதினார். அடுத்த முறை பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஷப்னாவோ, "வேண்டாம் சார், நான் எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதப் போறேன்," என்று முடித்துவிட்டாள். பெபிஷாவின் பிரதிநிதிப் பொறுப்பு வேறொருத்தி கைக்குப் போனது. காரணத்தைத் தாணு சார் வகுப்பில் சொல்லவில்லை. ஷப்னாவும் சொல்லவில்லை.

புராஜெக்ட் வாய்மொழித் தேர்வுக்கு இருவரும் சேர்ந்துதான் நிற்க வேண்டியிருந்தது. யார் என்ன செய்தீர்கள் என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார். ஷப்னா அவரை நேராகப் பார்த்து, "யோசனையும் குரலும் பெபிஷா, சார். கோடிங் நான் எழுதினேன். டெஸ்டிங் அவதான்," என்றாள். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. 'இதிலும் இவள் என்னைவிட ஒரு படி மேல்' என்று அப்போதும் பெபிஷாவுக்குள் கருகியது. அப்படி நினைத்ததற்காக வெட்கமும் வந்தது.

இப்போது பெபிஷா திருவனந்தபுரத்தில் ஒன்றரை வருடமாக வேலை பார்க்கிறாள். அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. அதில் கெட்டிக்காரி என்ற பெயரும் உண்டு. போன மாதம் ஊருக்கு வந்தபோது குளச்சல் பஸ் நிலையத்தில் ஷப்னா நின்றிருந்தாள். கோயம்புத்தூரில் எம்.சி.ஏ. இரண்டாம் வருடமாம்.

"சொகந்தான?" என்று ஷப்னாதான் முதலில் கேட்டாள்.

"சொகந்தான். ஒனக்கு?"

"ஆங். ஒரு கம்பெனியில இன்டர்ன்ஷிப் கெடச்சிருக்கு. பெங்களூர்ல." அதைச் சொல்லும்போது குரலில் துள்ளல் எட்டிப் பார்த்தது. உடனே அடக்கிக்கொண்டாள். முன்பானால் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பாள்.

"கொள்ளாம்ட்டி, ரொம்ப நல்லது," என்றாள் பெபிஷா. அவள் மேலும் சொல்வதற்குள் ஷப்னாவின் பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பழைய எரிச்சல் நெஞ்சில் கிடந்தது, கொஞ்சமும் ஆறாமல். மறுவாரம் வேலைக்குத் திரும்பியதும் அஞ்சல்வழி எம்.சி.ஏ.வுக்கு விண்ணப்பம் போட்டாள். அனுப்புமுன் தன் மின்னஞ்சல் முகவரியை மூன்று தடவை வாசித்துப் பார்த்தாள்.